கணையமும் கந்தகமும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணையத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்போர் இருக்கலாம். இலக்கணம் கற்பிப்பவருக்கு வேதியியலில் என்ன வேலை என வினவுவோரும் இருக்கலாம். வினா நியாயமானதே. விடை என் வீட்டிலிருந்து வருகிறது.

என் உம்மா பதினெட்டு ஆண்டுகள் நாள்தோறும் இருவேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் எதையும் கேட்டறியாமல் விடமாட்டார். ஒருநாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, ஊரெல்லாம் சக்கரைக்கு மாத்திரை முழுங்குது. எனக்கு மட்டும் இத ஏன் வாய்வழியாத் தரமாட்டேங்குறாக?" என்று கேட்டார். வேற்றுமை உருபுகளைச் சொல்லத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வேதியியல் துறை நண்பரிடம் அதே கேள்வியைக் கொண்டுபோனேன்.

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி சென்றால் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் அதைப் பருப்பையும் மீனையும் செரிப்பதுபோலவே துண்டுதுண்டாக்கிச் செரித்துவிடும் என்றார் நண்பர். அவ்வளவில் நின்றிருக்கலாம். ஆனால் அவர் கொடுத்த நூலைப் புரட்டியபோது வேறொரு செய்தி என்னைப் பற்றிக்கொண்டது. இன்சுலின் உருவாகும் இடத்திலும், அது கணையத்தைவிட்டு வெளியேறும் வாயிலிலும் ஒரே பொருள் இருவேறு நிலைகளில் நின்று பணிபுரிகிறது. அப்பொருள் கந்தகம்.

வெடிமருந்தில் நாம் காணும் அதே கந்தகந்தான். உடலில் அது தனித்து இருப்பதில்லை. புரதங்களைக் கட்டும் செங்கற்களாகிய அமினோ அமிலங்களுள் சிஸ்டீன் என்பது ஒன்று. அதன் நுனியில் ஒரு கந்தக அணு, ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தக் கந்தக-ஹைட்ரஜன் இணையையே தயோல் தொகுதி என்பர். கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. இவ்வகைப் பொருள்களுக்கு 1830-களில் டென்மார்க் நாட்டு வேதியியலர் சைசே இட்ட பெயர் மெர்காப்டன் என்பதாகும். 'பாதரசத்தைப் பற்றுவது' என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். பாதரசத்தைக் கண்டால் தயோல் தொகுதி இறுகப் பற்றிக்கொள்ளும். நம் சித்தர்கள் ரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்தே பேசினர். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் அரபு நூல்களோ, உலோகங்கள் யாவும் இவ்விரண்டின் கலப்பில் பிறந்தவை என்றன. அக்கொள்கையைப் பிற்கால அறிவியல் கைவிட்டுவிட்டது. ஆயினும் பாதரசம் கந்தகத்தை நாடும் என்னும் உண்மை அப்படியே நிற்கிறது. அதைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இரண்டு தயோல் தொகுதிகள் அருகருகே வந்து தத்தம் ஹைட்ரஜனை இழந்தால், இரு கந்தகங்களும் நேரே பிணைந்துகொள்ளும். இதை டைசல்பைடு பிணைப்பு என்பர். இருகந்தகப் பிணைப்பு என நாம் தமிழில் சொல்லலாம். ஹைட்ரஜனை இழந்து பிணைவது ஆக்சிஜனேற்றம். மீண்டும் ஹைட்ரஜனைப் பெற்றுப் பிரிவது ஒடுக்கம். இவ்வாறு பிணைந்த இரட்டைக்குப் பெயர் சிஸ்டின். சிஸ்டீன், சிஸ்டின் என்று ஒரு நெடில் குறிலானால் பொருளே மாறிவிடுகிறது. மாணவர்கள் இதைத் தேர்வுத்தாளிலும் நினைவிற்கொள்க. தலைமுடி தீய்ந்தால் எழும் நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையதே. அழகு நிலையங்களில் நீள்முடியைச் சுருள்முடியாக்குவதும் இந்த வித்தையே. தயோல் உள்ள மருந்தொன்றைப் பூசி முடியிலுள்ள இருகந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கிறார்கள். வேண்டிய வடிவில் சுற்றிவைத்து, மற்றொரு மருந்தால் மீண்டும் பிணைக்கிறார்கள். அவிழ்தலும் பிணைதலுமாகிய இந்த எளிய வினையே கணையத்திலும் நடைபெறுகிறது.

கணையத்துள் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறு திட்டுகள் உள்ளன. 1869-இல் பெர்லினில் மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை முதன்முதலில் விவரித்தார். அவர் பெயராலேயே இவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என வழங்குகின்றன. திட்டுகளிலுள்ள பீட்டா செல்களே இன்சுலினின் பிறப்பிடம். 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து அச்சாற்றைப் பிரித்த வரலாறு பலரும் அறிந்ததே. அதே 1921-ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்னும் அறிஞர் குளுடாதயோன் என்ற பொருளைப் பற்றி எழுதினார். மூன்றே அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு அது; நடுவில் இருப்பது சிஸ்டீன், அதன் தயோல் தொகுதியே அதன் உயிர். இந்த இரு கண்டுபிடிப்புகளுக்கும் உறவுண்டு என்பது அன்று எவருக்கும் தெரியாது.

இன்சுலினில் கந்தகம் இருப்பது விரைவிலேயே தெரியவந்தது. 1926-இல் அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஏபெல் இன்சுலினைப் படிகமாக்கினார். அதன் கந்தகம் சிஸ்டின் வடிவில் உள்ளது என்பதைக் காட்டியோருள் ஒருவரான டு விக்னோ, கந்தகச் சேர்மங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1955-இல் நோபல் பரிசு பெற்றார். இன்சுலினின் முழு அமைப்பையும் எழுத்தெழுத்தாகப் படித்தவர் பிரெடரிக் சாங்கர். 51 அமினோ அமிலங்கள். 21 கொண்டது ஒரு சங்கிலி, 30 கொண்டது மற்றொன்று. சிஸ்டீன்கள் மொத்தம் ஆறு. அவை மூன்று இருகந்தகப் பிணைப்புகளாகச் சேர்ந்துள்ளன. இரண்டு பிணைப்புகள் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுகின்றன. மூன்றாவது, சிறிய சங்கிலியைத் தன்னோடு தானே மடித்துக் கட்டுகிறது. மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஓர் அமினோ அமிலமே வேறுபாடு. மாட்டு இன்சுலினோடு மூன்று. ஆயின் ஆறு சிஸ்டீன்கள் மட்டும் மூன்றிலும் இடம் பெயராமல் நிற்கின்றன.

ஆறு பேரை மூன்று இணைகளாக்கப் பதினைந்து வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றே இன்சுலின். ஏனைய பதினான்கும் பிழை. பிழையான இணையை எவ்வாறு தவிர்ப்பது? பீட்டா செல் முதலில் இரு சங்கிலிகளையும் ஒரே நீண்ட சரமாகவே நெய்கிறது. 1967-இல் டொனால்ட் ஸ்டைனர் கண்டறிந்த இம்முன்வடிவத்திற்கு முன்னின்சுலின் எனப் பெயரிடலாம். செல்லின் உள்ளே எண்டோபிளாச வலை என்னும் மடிப்பறையில் இச்சரம் மடிகிறது. உரிய கந்தகங்கள் உரியவற்றோடு பிணைகின்றன. அதன்பின் நடுத்துண்டு வெட்டி நீக்கப்பட, இரு சங்கிலிகள் எஞ்சுகின்றன. சீவக சிந்தாமணியைத் தனித்தனி ஏடாகப் பிரித்துக் கலைத்துவிட்டு அடுக்கச் சொன்னால் நாம் திணறுவோம். நூலில் கோத்திருக்கும்போதே அடுக்கினால் எளிது. செல் செய்வதும் அதுவே.

ஒரு பீட்டா செல் முழு வேகத்தில் இயங்கும்போது நிமிடத்திற்குப் பத்து இலட்சம் முன்னின்சுலின் மூலக்கூறுகளைச் செய்யவல்லது என மதிப்பிடுகின்றனர். அப்படியாயின் நிமிடத்திற்கு முப்பது இலட்சம் இருகந்தகப் பிணைப்புகள். ஒவ்வொரு பிணைப்பும் உருவாகும்போது நீக்கப்படும் ஹைட்ரஜன் எங்கோ போய்ச் சேரவேண்டுமல்லவா? மடிப்பறையின் நொதிகள் அதை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. சலவைத் தொழிலில் வெளுப்பதற்குப் பயன்படும் அதே பொருள். இன்சுலினைச் செய்யும் செயலே செல்லுக்குள் ஒரு நஞ்சைச் சொட்டுச் சொட்டாக வடிக்கிறது.

ஆறு கந்தகங்களுள் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஓர் எலி சான்றானது. அகிட்டா எலி என 1990-களின் பிற்பகுதியில் அறிமுகமான அவ்வகையில், இன்சுலின் மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஒரு சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் டைரோசின் என்னும் வேறு அமினோ அமிலம். அதன் இணையாகவேண்டிய கந்தகம் துணையின்றித் தனித்து நிற்கிறது. சரம் மடியாமல் மடிப்பறையை அடைத்துக்கொள்கிறது. நல்ல மரபணுவிலிருந்து வரும் நல்ல சரங்களும் அந்த நெரிசலில் சிக்குகின்றன. செல் நொடிந்து மடிகிறது. எலிக்கு இளமையிலேயே நீரிழிவு. 2007-இல் இதே பிழை மனிதக் குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு தோன்றிய குழந்தைகள் அவர்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்றவுடன், கருவுற்றிருந்தபோது தாய் இனிப்பு தின்றாள், குடும்பத்தில் கவனமில்லை என்றெல்லாம் பேசும் வாய்களை நான் கேட்டிருக்கிறேன். திருமண வீடுகளில் கேட்டிருக்கிறேன். துக்க வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். பல்லாயிரம் எழுத்துகளுக்கிடையே ஓர் எழுத்து மாறியதற்கு எந்தத் தாயும் பொறுப்பாளி அல்லள்.

இனி, செய்துமுடித்த இன்சுலின் வெளியேறும் வழியைக் காண்போம். சிறு பைகளில் அடைபட்டு அது காத்திருக்கிறது. உண்டபின் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது, பீட்டா செல்லுக்குள் நுழைகிறது, எரிந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயமாகிறது. செல்லின் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வாயில்கள் உண்டு. ஏ.டி.பி. மிகும்போது இவை மூடிக்கொள்ளும். பொட்டாசியம் வெளியேறாமல் தங்கவே, சவ்வின் மின்நிலை மாறும், கால்சிய வாயில்கள் திறக்கும், கால்சியம் உட்புகும், பைகள் சவ்வோடு இணைந்து இன்சுலினை இரத்தத்தில் கொட்டும். ஒரு வாயில் மூடினால் மறுவாயில் திறக்கும் ஏற்பாடு.

இந்த வாயில்கள் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே, 1970-களின் தொடக்கத்தில், சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ஹெல்மன் குழுவினர் ஒரு விந்தையான சோதனை செய்தனர். பருத்த எலிகளின் கணையத் திட்டுகளைத் தனியே எடுத்து, அவற்றின்மீது கரிமப் பாதரசச் சேர்மங்களை இட்டனர். செல்லுக்குள் எளிதில் நுழையாதவை எனத் தேர்ந்தெடுத்த சேர்மங்கள் அவை. பாதரசம் எதைப் பற்றும் என முன்னரே கண்டோம். திட்டுகள் உடனே இன்சுலினைச் சுரந்தன. நுழையாத பொருள் சுரக்கச் செய்தது எனில், அது தொட்ட இடம் செல்லின் மேற்சவ்வாகவே இருத்தல் வேண்டும். அங்குள்ள தயோல் தொகுதிகளுக்குச் சுரப்பில் பங்கு இருத்தல் வேண்டும் என அவர்கள் முடிவு கட்டினர். பாதரசம் மிகுந்தால் சவ்வே சிதையும் என்பதையும் கண்டனர். ஆகவே இது மருந்தன்று, ஒரு தடயம் மட்டுமே. ரசபற்பம் உண்டால் சர்க்கரை குறையும் என்று எவரேனும் இதிலிருந்து பொருள் கொள்வாராயின், அவர் சிறுநீரகத்தை இழக்க நேரும்.

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் அம்மோன் என்பாரும் அவர்தம் குழுவினரும் மறுமுனையிலிருந்து இச்சிக்கலை அணுகினர். தயோல்களை ஆக்சிஜனேற்றிப் பிணைத்துவிடும் பொருள்களைத் திட்டுகளில் இட்டனர். குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் சுரப்பு குன்றியது. குளுக்கோஸ் எரியும்போது ஏ.டி.பி. மட்டும் பிறப்பதில்லை, என்.ஏ.டி.பி.எச். என்னும் ஒடுக்கும் பொருளும் பெருகுகிறது. அது குளுடாதயோனைத் தயோல் நிலையில் வைத்திருக்கிறது. அதன் வழியே சுரப்பு நிகழ்த்தும் புரதங்களின் தயோல்களும் பிணையாமல் தனித்து நிற்கின்றன என்பது அவர்கள் கண்ட தொடர்பு. 1921-இன் இரு கண்டுபிடிப்புகளும் சந்தித்த இடம் இதுவே.

அடுத்தடுத்த ஆண்டுகளில் தடயங்கள் பெயர்பெற்றன. 1998-இல் ஆக்ஸ்போர்டில் ஆஷ்கிராப்ட் குழுவினர், பொட்டாசிய வாயிலை அமைக்கும் கிர் 6.2 என்னும் புரதத்தில் 42-ஆம் இடத்துச் சிஸ்டீனைப் பாதரசச் சேர்மம் தாக்கும்போது வாயில் மூடுவதைக் காட்டினர். அச்சிஸ்டீன் சவ்வின் உட்புறத்தை நோக்கியது என்பது உமியோ அறிஞர்கள் எதிர்பாராதது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. என்.ஏ.டி.பி.எச்., குளுடாதயோன், குளுடாரெடாக்சின் என ஒடுக்கும் ஆற்றல் கைமாறிச் சென்று, சென்ப்-1 என்னும் நொதியை எழுப்புகிறது. அது எழுந்தால் இன்சுலின் பைகள் சவ்வோடு இணைவது பெருகுகிறது. இரண்டாம் வகை நீரிழிவாளர் கணையங்களிலிருந்து பெற்ற செல்களில் குன்றியிருந்த சுரப்பையும் இவ்வழியைத் தூண்டி மீட்க முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவே இது. மருந்துக்கடைக்கு வந்துவிட்ட ஒன்றன்று.

ஆக, பீட்டா செல்லின் இக்கட்டு இதுதான். மடிப்பறையில் கந்தகங்கள் பிணைந்தாக வேண்டும். மடிப்பறைக்கு வெளியே அவை பிணையாதிருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் ஓரறையில் ஆக்சிஜனேற்றம், அடுத்த அறையில் ஒடுக்கம். நடுச்சுவர் இற்றால் இரண்டும் கெடும். அதன்மேல், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் நொதிகள் கல்லீரலில் ஏராளம். பீட்டா செல்லிலோ மிகக் குறைவு. ஓயாமல் நெருப்பின் அருகே நிற்கும் வேலையும் அதற்கே, தண்ணீர் குறைந்த வீடும் அதற்கே.

இந்த எளிமையான உடைவை 1943-இல் கிளாஸ்கோவில் தற்செயலாகக் கண்டனர். சிறுநீரகப் பாதிப்பை ஆராய்ந்த டன் என்பாரும் துணைவரும் அலொக்சான் என்ற சேர்மத்தை முயல்களுக்கு ஏற்றினர். கணையத் திட்டுகள் அழிந்திருக்கக் கண்டனர். அலொக்சான் குளுக்கோஸைப் போன்ற உருவில் பீட்டா செல்லுக்குள் நுழைகிறது. குளுக்கோஸை உணரும் நொதியின் தயோல்களைத் தாக்குகிறது. குளுடாதயோனோடு வினைபுரிந்து பெராக்சைடைப் பெருக்குகிறது. முன்கூட்டியே குளுடாதயோனையோ சிஸ்டீனையோ செலுத்தினால் எலிகள் தப்புகின்றன என 1946-இல் லசாரோ காட்டினார்.

இச்செய்தியைக் கேட்டவுடன், அப்படியாயின் குளுடாதயோன் மாத்திரை வாங்கி உண்ணலாமே என்று தோன்றும். இன்று அது நிறத்தை வெளுக்கச் செய்யும் பொருளாக விளம்பரமாகிறது. நம் பெண்பிள்ளைகளின் நிறத்தை முன்னிட்டு நடக்கும் அந்த வாணிபத்தைப் பற்றி எனக்குக் கசப்பன்றி வேறில்லை. வாயில் இட்ட குளுடாதயோனின் பெரும்பகுதி குடலிலேயே சிதைகிறது. தயோல் பொருள்கள் எல்லாம் எல்லார்க்கும் தீங்கற்றவையும் அல்ல. 1970-இல் ஜப்பானில் ஹிராட்டா ஓர் அரிய நோயை விவரித்தார். இன்சுலின் ஊசி ஒருநாளும் போடாதவர் உடலில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் தோன்றி, திடீரென இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருகிறது. தைராய்டுக்குத் தரும் மெதிமசோல், கால் எரிச்சலுக்குப் பலர் கேட்காமலே வாங்கி விழுங்கும் ஆல்பா லிப்போயிக் அமிலம் ஆகியவற்றை உண்டோரிடம் இது காணப்பட்டது. இவற்றின் கந்தகம் இன்சுலினின் இருகந்தகப் பிணைப்பை அவிழ்த்து அதன் உருவை மாற்றுவதே காரணம் எனக் கருதுகின்றனர்.

பெற்றோர் அறியவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஆறு மாதம் நிறையுமுன் நீரிழிவு தோன்றிய குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்தல் வேண்டும். பிழை இன்சுலின் மரபணுவில் எனில் பெரும்பாலும் இன்சுலினே மருந்து. பிழை கிர் 6.2 வாயிலில் எனில், 2006 முதல் தெளிவானபடி, அக்குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு ஊசியை நிறுத்தி சல்போனைல்யூரியா மாத்திரையே போதுமானது. திறந்தே கிடந்த வாயிலை அது மூடுகிறது. எந்த வாயில், எந்தக் கந்தகம் என்று அறிவதால் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுதும் குத்திக்கொள்ள வேண்டிய ஊசியிலிருந்து விடுபடுகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அக்கூட்டத்தில் இத்தகைய குழந்தைகள் மிகச் சிலரே. ஆயினும் அவர்களைத் தேடிப் பார்த்தால்தான் கிடைப்பார்கள்.

உம்மாவிடம் திரும்பி வருகிறேன். நண்பரிடம் கேட்டறிந்ததை அன்று மாலை அவருக்கு விளக்கினேன். புரதம் என்றேன், வயிற்றில் செரித்துவிடும் என்றேன். முன்பெல்லாம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தனர் என்றும், 1982 முதல் நுண்ணுயிரியைக் கொண்டு மனித இன்சுலினையே செய்கின்றனர் என்றும், தொழிற்சாலையிலும் அந்த ஆறு கந்தகங்களை முறையாகப் பிணைப்பதே கடினமான வேலை என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கந்தகம் கிடக்கட்டும். அந்தப் பிராணி இதுல இல்லதானே?" என்றார்.

இல்லை என்றேன். குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டி, ஊசியை நிரப்பிக்கொண்டார்.